பாறையும் சேணமும்

ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, ரபீஉல் அவ்வல் மாதம் பிறக்கப் பத்து நாள் இருக்கையில், ஐந்தாம் ஜும்ரா மாணவர் ஒருவர் நம் அறைக்கு வந்தார். மீலாது மேடைக்குப் பாட்டெழுதும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. குரல்வளமும் சொல்வளமும் ஒருங்கே வாய்த்த பிள்ளை. "ஹஜ்ரத், இல்ஹாம் வரமாட்டேங்குது. என்ன செய்யணும்?" என்று கேட்டார். நாம் அதிகம் யோசிக்கவில்லை. "உளூவோட தஹஜ்ஜுத் நேரத்துல உட்காருங்க தம்பி, அல்லாஹ் போட்டுத் தருவான்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

நான்கு இரவுகள் உட்கார்ந்திருக்கிறார். ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள், அப்போது தெருவெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்த ஒரு திரைப்பாடலின் மெட்டில் சொற்களை நிரப்பிக் கொண்டுவந்து மேடையில் பாடினார். சபை ரசித்தது. ஆனால் மெட்டு நீளும் இடத்தில் 'அக்பர்' என்ற சொல் அகப்பட்டுக்கொண்டு 'அக்பார்' என்று இழுபட்டது. 'கபர்' என்றால் முரசு. 'அக்பார்' அதன் பன்மை என்றும், தக்பீரில் அவ்வாறு நீட்டுவது பிழை என்றும் ஃபிக்ஹு நூல்கள் எச்சரிப்பதை ஓதியவர்கள் அறிவார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பலர் முன்னிலையில், "இறைவனின் பெருமையைச் சொல்ல வந்து முரசைச் சொல்லிவிட்டீரே" என்றோம். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த மாணவர் அதன்பின் ஒரு வரியும் எழுதவில்லை. பட்டம் பெற்றுப் போய், இன்று வளைகுடாவில் ஒரு பண்டகசாலையில் கணக்கெழுதிக்கொண்டிருக்கிறார்.

அவர் பிழை செய்தார் என்பது உண்மை. ஆயினும் அவர் கேட்ட கேள்விக்கு நாம் கொடுத்த விடை அதனினும் பெரிய பிழை என்பது, பின்னர் கிதாபுகளைப் புரட்டியபோதுதான் நமக்கு விளங்கியது. பாட்டு எங்கிருந்து வருகிறது, அதை எவ்வாறு வரவழைப்பது என்ற வினாவை அரபுத் திறனாய்வாளர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துப் பேசியிருக்கிறார்கள். அந்தப் பகுதிகளைத்தான் நாம் பாடம் நடத்துவதில்லை.

மதீனாவின் பாடகர் மஅபதிலிருந்து தொடங்குவோம். உமையாக்களின் காலத்தவர், ஹிஜ்ரி 126 வாக்கில் மறைந்தவர். அவரைப் பற்றிய செய்திகளை அபுல் ஃபரஜ் அல்-இஸ்ஃபஹானி (மறைவு ஹிஜ்ரி 356) தம் 'கிதாபுல் அகானீ'யில் திரட்டித் தந்திருக்கிறார். இசை ஆகுமா ஆகாதா என்ற விவாதத்தை இங்கே எழுப்ப வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அது தனியே பேச வேண்டிய மஸ்அலா. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் அதற்கென ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கிறார்கள். அகானீயின் செய்திகளை ஹதீஸ் அறிவிப்புகளின் தராசில் நிறுப்பவரும் யாருமில்லை. அவை நடந்தனவா என்பதைவிட, பாட்டுப் பிறப்பது இப்படித்தான் என்று ஒரு சமுதாயம் எண்ணியிருந்ததை அவை காட்டுகின்றன என்பதே நமக்குப் போதும்.

மஅபதைப் பற்றி இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்றில், அடிமைச் சிறுவனாக இருந்த காலத்தில் மதீனாவை ஒட்டிய ஹர்ராவின் கருங்கல் வெளியில் ஆட்டு மந்தையோடு இருந்ததாகவும், இரவில் அங்கே கிடந்த ஒரு பாறையில் சாய்ந்து உறங்குகையில் காதுக்குள் ஓர் இசை ஓடுவதைக் கேட்டதாகவும், விழித்தெழுந்து அதையே திருப்பிப் பாடியதாகவும், தம் பாட்டின் தொடக்கம் அதுவே என்றும் அவர் சொல்கிறார். மற்றொன்றில், பாட்டுக் கட்ட நினைத்தால் என்ன செய்வீர் என்று அவரிடம் கேட்கிறார்கள். இளம் ஒட்டகத்தின் மேலேறிப் புறப்படுவேன். கையிலுள்ள கோலால் சேணத்தின் மீது தாளம் தட்டுவேன். அந்தத் தாளத்தின்மேல் கவிதையை முணுமுணுத்துக்கொண்டே போவேன். மெட்டுச் சீராக அமையும்வரை விடமாட்டேன் என்பது அவருடைய விடையின் சாரம். கேட்டவர்கள், உம் பாட்டில் அது தெளிவாகவே தெரிகிறது என்றார்களாம். ஒட்டகத்தின் நடை அந்தப் பாட்டுகளுக்குள் கேட்டிருக்க வேண்டும்.

பாறைச் செய்தியைச் சொல்பவர் நம்மிடையே பலர்; சேணச் செய்தியைச் சொல்பவர் அரிது. இரண்டும் ஒரே மனிதர் தம்மைப் பற்றிச் சொன்னவையாகவே நூலில் நிற்கின்றன. பாறையடியில் கிடைத்தது ஒரு தொடக்கம் என்று அவரே வரையறுத்துவிடுகிறார். அதன்பின் வந்த பாட்டுகளுக்கெல்லாம் பாறையைத் தேடிப் போய் அவர் படுத்ததாகச் செய்தி இல்லை. கோலை எடுத்துக்கொண்டு புறப்பட்டிருக்கிறார். குதைபா இப்னு முஸ்லிம் கோட்டைகளைப் பிடித்த செய்தி வந்தபோது, அவற்றைப் பிடிப்பதைவிடக் கடினமான பாட்டுகளை நான் கட்டியிருக்கிறேன் என்று மஅபத் பெருமை பேசியதாகவும், அப்பாட்டுகளுக்குக் கோட்டைகளின் பெயரே நிலைத்ததாகவும் சொல்வர். கனவில் வந்ததைப் பற்றி யாரும் அப்படிப் பெருமை பேசுவதில்லை. வியர்வை சிந்தியவனின் பேச்சு அது.

ஸிர்யாப் மட்டும் என்ன, அவருக்கு ஜின்கள் இரவில் வந்து மெட்டுச் சொல்லிக் கொடுத்ததாக மக்கரீ எழுதியிருக்கிறாரே என்று ஓர் அன்பர் நம்மிடம் வாதிட்டதுண்டு. எழுதியிருக்கிறார், உண்மைதான். நள்ளிரவில் விழித்தெழும் ஸிர்யாப், தம் பணிப்பெண்களான கிஸ்லானையும் ஹுனைதாவையும் அழைத்து, ஊதுகளை எடுத்துவரச் செய்து, வந்த மெட்டை உடனே அவர்கள் கைக்கு மாற்றிவிட்டுப் படுப்பார் என்பதும் அதே செய்தியில் இருக்கிறது. ஜின் வந்ததைப் பற்றி நமக்குத் தெரியாது. வந்ததை விடியும்வரை வைத்திருந்தால் போய்விடும் என்று அந்த மனிதர் அறிந்திருந்தார் என்பது தெரிகிறது.

ஜாஹிலிய்யா அரபிகள் ஒவ்வொரு கவிஞனுக்கும் ஒரு ஷைத்தான் உண்டென்று நம்பினார்கள். 'அப்கர்' என்ற பள்ளத்தாக்கு ஜின்களின் இருப்பிடம் என்றார்கள். மேதையைக் குறிக்க இன்றும் அரபியில் வழங்கும் 'அப்கரீ' என்ற சொல் அங்கிருந்து வந்தது. இஸ்லாம் வந்தபின் ஷைத்தானின் இடத்தில் இல்ஹாமை வைத்துவிட்டு, மற்றதை அப்படியே விட்டுவிட்டோமோ என்று நமக்கு ஐயம் உண்டு. ஏனெனில் இவ்விஷயத்தில் நம் கையிலிருக்கும் உறுதியான சான்று வேறு பக்கம் கைகாட்டுகிறது.

ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை ரூஹுல் குதுஸைக் கொண்டு வலுப்படுத்துமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் துஆ செய்த செய்தி ஸஹீஹான நூல்களில் உள்ளது. கவிஞர் ஒருவருக்கு இதைவிட உயர்ந்த உதவி கிடைத்ததாக வரலாறில்லை. அந்த ஹஸ்ஸான் (ரலி) குறைஷிகளுக்கு மறுமொழிக் கவிதை பாட ஆயத்தமாகி நிற்கையில் நடந்ததை ஸஹீஹ் முஸ்லிமில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அவசரப்பட வேண்டாம் என்று அண்ணலார் தடுக்கிறார்கள். குறைஷிகளின் வம்சாவளியை நன்கறிந்தவர் அபூபக்ர். எனக்கும் அவர்களோடு இரத்த உறவு உண்டு. என் வம்சத்தை அவர் உமக்குப் பிரித்துக் காட்டட்டும் என்ற கருத்தில் சொல்கிறார்கள். ஹஸ்ஸான் (ரலி) போய்க் கேட்டறிந்து திரும்பி வந்து, மாவிலிருந்து மயிரை உருவுவதுபோல் தங்களை அவர்களிடமிருந்து உருவி எடுத்துவிடுவேன் என்று உறுதி கூறுகிறார்கள்.

வானவரின் துணை உறுதிசெய்யப்பட்ட கவிஞர், முதலில் வம்சாவளி படிக்க அனுப்பப்படுகிறார். நம் மாணவரை நாம் யாரிடம் அனுப்பினோம்? வெறும் இரவிடம் அனுப்பினோம். எதைப் பாடப்போகிறீர், அதைப் பற்றி என்ன தெரியும், அதை அறிந்தவர் யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஸுஹைர் இப்னு அபீ ஸுல்மாவின் வீட்டு நடைமுறையையும் சொல்ல வேண்டும். முஅல்லகா பாடம் நடத்துகையில், அவருடைய நெடும்பாடல்களுக்கு 'ஹவ்லிய்யாத்' என்ற பெயர் உண்டென்று ஒரு வரி சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். ஓராண்டுப் பாடல்கள் என்பது அதன் பொருள். இயற்றுவதற்கு நான்கு மாதம், திருத்துவதற்கு நான்கு மாதம், அறிந்தோரிடம் காட்டுவதற்கு நான்கு மாதம் என்றும் கணக்குச் சொல்வதுண்டு. கணக்கு அத்தனை ஒழுங்காக இருப்பதே ஐயத்துக்கிடமானது என்றாலும், சேதி விளங்குகிறது. ஸுஹைரையும் அவர் வழிவந்த ஹுதைஆவையும் 'கவிதையின் அடிமைகள்' என்றார் அஸ்மஈ. அதில் பாராட்டு எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று இன்றும் வாதிடலாம்.

அதைவிட நம் கவனத்துக்குரியது இன்னொன்று. ஸுஹைர் தமக்கு மூத்த அவ்ஸ் இப்னு ஹஜரின் 'ராவி'யாக இருந்தவர். அதாவது அவர் கவிதைகளை மனனம் செய்து ஊர்தோறும் ஓதிக் காட்டியவர். ஸுஹைருக்கு அவர் மகன் கஅபும் (ரலி) ஹுதைஆவும் ராவிகள். ஹுதைஆவுக்கு ஹுத்பா இப்னு கஷ்ரம், அவருக்கு ஜமீல், ஜமீலுக்குக் குஸையிர். ஹதீஸுக்கு இஸ்னாத் இருப்பதுபோல் கவிதைக்கும் ஒரு சங்கிலி இருந்திருக்கிறது. நபிகளாரின் போர்வையைப் பரிசாகப் பெற்ற கஅப் (ரலி), அந்தச் சபைக்கு வருமுன் எத்தனை ஆண்டுகள் தந்தையின் கவிதைகளைச் சுமந்து திரிந்திருப்பார்! பிறர் பாட்டை நூற்றுக்கணக்கில் நெஞ்சில் ஏற்றாதவனுக்குத் தன் பாட்டு எதிலிருந்து ஊறும்? கவிதை சொல்ல அனுமதி கேட்ட அபூ நுவாஸிடம், முதலில் ஏராளமான கவிதைகளை மனனம் செய், பிறகு அவற்றை மறந்துவிட்டு வா என்று ஆசான் கலஃப் அல்-அஹ்மர் நிபந்தனை இட்டதாகச் சொல்லப்படும் கதை வேடிக்கைக்காகச் சொன்னதன்று. நினைவில் நிற்கும் வரி களவாகும். மறந்த வரியோ உரமாகும்.

இனி, பாட்டு வராத நேரம். நம் மாணவருக்கு நேர்ந்தது ஃபரஸ்தக்குக்கும் நேர்ந்திருக்கிறது. தமீம் குலத்தாருக்குத் தம்மைவிடப் பெரிய கவிஞர் இல்லை என்று சொல்லிக்கொண்ட அவரே, சில நேரங்களில் ஓர் அடி சொல்வதைவிடக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவது எளிதாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். இதை எடுத்தெழுதும் இப்னு குதைபா (மறைவு ஹிஜ்ரி 276) ஆறுதல் சொல்லிவிட்டு நின்றுவிடவில்லை. 'அஷ்ஷிஃரு வஷ்ஷுஅரா' நூலின் முன்னுரையில், கவிதை இணங்கி வரும் நேரங்களை ஒரு மருத்துவரைப்போல் எண்ணிச் சொல்கிறார். தூக்கம் கவியுமுன் முன்னிரவு. காலை உணவுக்கு முந்திய பொழுது. மருந்து குடித்த நாள். சிறையிலும் பயணத்திலும் வாய்க்கும் தனிமை. மருந்து குடித்த நாள் என்பதைப் படித்து முதலில் சிரித்தோம். பிறகு, வயிறு காலியாகி, வேலை ஏதுமின்றி, எவரும் வந்து பாராத ஒரு நாள் நமக்கு எப்போது வாய்த்தது என்று எண்ணிப்பார்த்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது.

இளம் புஹ்துரீக்கு அபூ தம்மாம் சொன்ன அறிவுரை கைரவான் நகரத்து இப்னு ரஷீகின் 'அல்-உம்தா'வில் இருக்கிறது. கவலை குறைந்த வேளையைத் தேர்ந்தெடு. ஸஹர் நேரம் நல்லது, ஏனெனில் உடல் உறக்கத்திலும் ஓய்விலும் தன் பங்கைப் பெற்றுவிட்டிருக்கும். சலிப்பு வந்தால் நிறுத்திவிடு. அளவெடுத்துத் துணி வெட்டும் தையற்காரனைப்போல் இரு. நாமும் அந்த மாணவரிடம் ஸஹர் நேரத்தைத்தானே சொன்னோம் என்று நம்மைத் தேற்றிக்கொள்ள முயன்றோம். தேற்றம் நிலைக்கவில்லை. அபூ தம்மாம் சொல்லும் ஸஹர் தூங்கி எழுந்தவனுடையது. நம் மாணவரோ இரவு பதினொன்றுவரை பாடம் பார்த்துவிட்டு, மூன்று மணிக்கு எழுந்து, கண்ணெரிச்சலோடு உட்கார்ந்தவர். இபாதத்துக்கு அந்தக் கஷ்டம் நன்மை தரும். பாட்டுக்கு அது தூக்கக் கலக்கம் மட்டுமே.

அறிவுரை சொன்ன அபூ தம்மாம் எப்படி எழுதினார் என்பதும் அதே உம்தாவில் உண்டு. வெப்பம் தணியத் தண்ணீர் தெளித்த ஓர் அறையில் அவர் வலமும் இடமுமாகப் புரண்டுகொண்டிருப்பதைக் கண்டு, வெயில் தாங்கவில்லையா என்று வந்தவர் கேட்கிறார். இல்லை, வேறொன்று என்கிறார் அவர். சற்று நேரத்தில் கட்டறுந்தவர்போல் துள்ளி எழுந்து, இப்போது வந்துவிட்டது என்கிறார். அபூ நுவாஸின் ஒரு கருத்தைத் தம் வழியில் வார்த்தெடுக்கத்தான் அந்தப் பாடு! அமைதியான ஸஹர் நேரத்தைப் பிறருக்குப் பரிந்துரைத்தவர், தம் வரிக்குத் தரையில் உருண்டிருக்கிறார்.

முறையை முழுமையாக எழுதிவைத்தவர் இஸ்ஃபஹானின் இப்னு தபாதபா (மறைவு ஹிஜ்ரி 322). 'இயாருஷ் ஷிஃர்' என்ற அவருடைய சிறு நூலை நம் கல்லூரிகளில் ஓதிய ஒருவரைக்கூட நாம் சந்தித்ததில்லை. அவர் சொல்வது இது: சொல்ல விரும்பும் பொருளை முதலில் உரைநடையாக மனத்தில் கடைந்துகொள், அதற்கு ஏற்ற சொல், இயைபு, யாப்பு ஆகியவற்றை ஆயத்தம் செய்துகொள், வரிகள் எந்த வரிசையில் வந்தாலும் வந்தபடி எழுதிவை, பிறகு இடைவெளிகளை இணைப்பு வரிகளால் மூடு, மீண்டும் பார்த்துக் கரடுமுரடான சொல்லை எடுத்துவிட்டு மென்மையான சொல்லை வை, ஓர் இயைபுச் சொல் தன் அடியைவிட வேறோர் அடிக்குப் பொருந்துமானால், அதை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டுப் பழைய அடியை உடைத்துவிடு. நெசவாளியையும் வண்ணம் தீட்டுபவனையும் மணி கோப்பவனையும் அவர் உவமையாகக் காட்டுகிறார். நன்றாக வந்த அடியையும் உடைக்கத் துணிய வேண்டும் என்பதே இதில் கடினமான பகுதி. கனவில் கிடைத்தது என்று நம்புபவன் உடைக்கமாட்டான். இல்ஹாம் பற்றிய நம் பேச்சு பாட்டுக்குச் செய்த முதற்பெருந்தீங்கு அதுதான்: வந்த வரியைத் தொடக்கூடாத பொருளாக்கிவிட்டது.

ஆயினும் இப்னு தபாதபாவை முழுவதும் ஏற்க நமக்குத் தயக்கம் உண்டு. கருத்து முன்னே, ஓசை பின்னே என்ற அவருடைய வரிசை ஏட்டுக் கவிதைக்குச் சரி. பாட்டுக்கு அது பொருந்துமா? மஅபத் முதலில் தட்டியது சேணத்தை. தாளத்தின்மேல்தான் சொல் ஏறி அமர்ந்தது. கவிஞராக இப்னு தபாதபாவை இன்று நினைப்பவர் குறைவு என்பதையும் மரியாதையோடு குறிப்பிட்டுவிடுகிறோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். புர்தா ஷரீஃப் கனவின் கொடையல்லவா? நம் கடற்கரை ஊர்களின் மஜ்லிஸ்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் அந்தக் கஸீதாவைப் பற்றிச் சொல்லும்போது, இமாம் பூஸீரீ (ரஹ்) அவர்கள் கனவில் பெற்று எழுதினார்கள் என்பதுபோல் பேசிவிடுகிறோம். இப்னு ஷாகிர் அல்-குதுபீ எடுத்தெழுதும் செய்தியில், பூஸீரீ (ரஹ்) தம் வாயாலேயே வரிசையைச் சொல்கிறார்கள். அண்ணலாரைப் புகழ்ந்து முன்பே பல கஸீதாக்கள் இயற்றியிருந்தார்கள். அவற்றுள் சில ஓர் அமைச்சர் கேட்டுக்கொண்டதற்காக இயற்றியவை. பின்னர் உடலின் ஒரு பாதி செயலிழந்தது. அப்போது இந்தக் கஸீதாவை இயற்ற எண்ணி இயற்றினார்கள். அதைத் திரும்பத் திரும்ப ஓதி, அழுது, துஆ செய்து, உறங்கினார்கள். அதன் பிறகே கனவு; திருக்கரம் தடவியது; போர்வை விழுந்தது; நோய் நீங்கியது. கனவுக்கு முன்பே பாட்டு முடிந்துவிட்டது. ஓர் அரையடியில் அவர்கள் தடைப்பட்டு நிற்க, கனவில் அது நிறைவு செய்யப்பட்டது என்று மக்கள் வழக்கில் ஒரு கதை உண்டு. அதையே எடுத்துக்கொண்டாலும், தடைப்படும் இடம்வரை நடந்து வந்தவருக்கல்லவா அது நிறைவுற்றது! பழைய கஸீதாக்களில் பழகிய கை, முடங்கிய உடலிலும் ஓடியது என்பதில் அவர்களுடைய கராமத்துக்குக் குறைவு ஏதும் வந்துவிடாது.

மெட்டுப் பற்றியும் நம் பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. திரைமெட்டை எடுத்ததற்காகவே அன்று நமக்குக் கோபம் வந்தது. ஆனால் மக்காவின் இப்னு மிஸ்ஜஹ் எங்கிருந்து எடுத்தார்? இப்னு ஸுபைர் (ரலி) காலத்தில் கஃபாவைப் புதுப்பித்த பாரசீகக் கொத்தர்கள் வேலை செய்துகொண்டே பாடியதைக் கேட்டு, அந்த மெட்டுகளில் அரபுக் கவிதையை ஏற்றினார் என்கிறது அகானீ. முஆவியா (ரலி) மக்காவில் கட்டிய வீடுகளில் வேலை செய்தவர்களிடம் கேட்டார் என்று மற்றோர் அறிவிப்பு. பிறகு அவர் ஷாமுக்கும் பாரசீகத்துக்கும் போய்க் கற்று வந்தார். வந்தவர், அரபுப் பாட்டுக்கு ஒவ்வாத அசைவுகளையும் சுரங்களையும் கழித்துவிட்டு எஞ்சியதை வைத்துக்கொண்டார். நம் முன்னோர்களின் பழைய அச்சுப் பாட்டுப் புத்தகங்களிலும் பாட்டின் தலையில் 'இன்ன மெட்டு' என்று குறித்திருப்பதைக் காணலாம். ஆகவே இரவல் குற்றமன்று. கழிக்கத் தெரியாததுதான் குற்றம். மெட்டு ஒரு சொல்லை நீட்டச் சொல்கிறது. மொழி அதைக் குறிலாக வைத்திருக்கிறது. அந்த இடத்தில் மெட்டை ஒடிப்பதா, சொல்லை மாற்றுவதா என்று ஒரு நாள் முழுக்கத் தடுமாறியிருந்தால் 'அக்பார்' வந்திருக்காது. அந்தத் தடுமாற்றத்துக்குப் பெயர்தான் பயிற்சி. அதைக் கற்றுத் தர வேண்டியவர் சபையில் வைத்துச் சிரிப்புக் காட்டினார்.

நம் அரபுக் கல்லூரிகளில் கலீல் வகுத்த யாப்புகளைப் பெயரும் வாய்பாடுமாக ஒப்பிக்க வைக்கிறோம். தவீலையும் பஸீதையும் தூக்கத்திலும் சொல்லும் மாணவர் பலர். சொந்தமாக ஓர் அடி கட்டச் சொல்லி அவர்களைக் கேட்டவர் யார்? அரபியிலும் கேட்பதில்லை, தமிழிலும் கேட்பதில்லை. பிறகு மீலாது வந்ததும் திடீரென்று ஒரு பிள்ளையைப் பிடித்துப் பாட்டெழுதச் சொல்கிறோம்.

சென்ற ஆண்டு இறுதி ஜும்ராவின் 14 மாணவர்களிடம் சிறு சோதனை ஒன்று செய்து பார்த்தோம். சொல்ல வந்ததை முதலில் ஒரு பக்கம் உரைநடையாக எழுதுங்கள். வேறொருவரின் பத்துப் பாட்டுகளை மனனம் செய்யுங்கள். மாலையில் நடந்துகொண்டே விரலால் தாளம் தட்டி முணுமுணுங்கள். கிடைத்ததை அன்றே எழுதிவையுங்கள். மூன்று வாரம் கழித்துக் கொண்டுவாருங்கள் என்றோம். பெரும்பாலானவை மேடைக்கு உதவாதவை. இரண்டு பாட்டுகள் நன்றாகவே இருந்தன. அவற்றுள் ஒன்று, தாயார் கடன் சீட்டுக் கட்டப் பணமில்லாமல் தொழுகைப் பாயில் அமர்ந்திருந்ததைச் சொல்லும் முனாஜாத். அதை எழுதியவர் நம் முறைக்கு ஒரு திருத்தமும் சொன்னார்: "ஹஜ்ரத், உரைநடை எழுதுனப்ப எதுவும் வரல. நடக்கும்போது தாளம்தான் முதல்ல வந்துச்சு, உம்மா அப்புறம்தான் வந்தாங்க." இப்னு தபாதபாவின் வரிசையை அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்வதாக அவரிடம் ஒப்புக்கொண்டோம்.

வளைகுடாவிலிருக்கும் பழைய மாணவருக்கு இக்கட்டுரையின் கைப்படியை அனுப்பியிருக்கிறோம். மறுமொழி இன்னும் வரவில்லை.